பதின்மூன்றாவது பாட்டு

அத்தியாயம் 7

வில்லியனூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடிப்படி என்ற பெயரில் சுவரில் சாய்த்து வைத்த பதினெட்டுப் பலகைகளை ஏறி முடித்தால் ரஞ்சனி துப்பறியும் நிலையம். ஏறி வந்தவர்களில் பாதிப் பேர் வந்த காரியத்தை மறந்துவிட்டு முதலில் தண்ணீர் கேட்பார்கள். மீதிப் பேர் ஆம்புலன்ஸ் கேட்பார்கள். ஜெயசுதா எதையும் கேட்கவில்லை. கையிலிருந்த கறுப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"நாளைக்கு எங்க மாமனாருக்குப் பதினாறாம் நாள் காரியம் மேடம்."

உதவியாளன் வீரமணி மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினான். அந்த விசிறி சுற்றுவதைவிட முனகுவது அதிகம். இந்தப் பெண்ணுக்கு முன்னால் அதுகூட அடங்கியே முனகியது.

"உக்காரும்மா," என்றாள் ரஞ்சனி.

"கொள்ளி வச்ச மறுநாளே எம் புருஷனைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. இப்போ பங்காளிங்க கூடிப் பேசி, பெத்தவனைக் கொன்ன கை எள்ளுந்தண்ணி விடக்கூடாதுன்னுட்டாங்க. சித்தப்பா மவன் உக்காரப் போறானாம். மொட்டைக்கு ஆள் சொல்லியாச்சு, பந்தலுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வேற ஒருத்தன் அந்த இடத்துல உக்காந்துட்டா, ஊருக்கு அவருதான் கொலகாரன். அப்புறம் கோர்ட்டு இன்னா சொன்னாலும் ஒருத்தரும் எங்க வூட்டுல தண்ணி குடிக்க மாட்டாங்க."

"எத்தனை மணிக்குக் காரியம்?"

"காலைல ஒம்பதுக்கு."

வீரமணி கடிகாரத்தைப் பார்த்தான். பத்தே கால். இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதில் டீ குடிக்க எவ்வளவு ஒதுக்குவது என்று அவன் கணக்குப் போடுவதற்குள் ரஞ்சனி பெட்டியைத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு ட்ரம்பெட்.

அது மணவாளனுடையது. வயது அறுபத்தொன்று, ஊர் பாகூர், 'ஏரிக்கரை எக்ஸ்பிரஸ்' என்ற ராக் பேண்டின் ட்ரம்பெட்காரர். அந்த பேண்டில் முன்வரிசையில் கித்தார்கள், நடுவில் டிரம், பின்வரிசையில் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸ் என்று மூன்று பித்தளைகள். மூன்றும் சேர்ந்து முழங்கினால் பாகூர் ஏரி ஒரு சாண் பின்வாங்கும், திருவாண்டார்கோயிலில் கட்டிப்போட்ட மாடு திண்டிவனத்தில் போய்த்தான் நிற்கும் என்பார்கள். கித்தார்க்காரர்கள் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். பித்தளைக்காரர்கள் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊதுகிற பேண்டு செட்டு ஆட்கள். ஒரே மேடை, இறங்கினால் வேறு வேறு தெரு.

முப்பது வருஷப் பாட்டில் பொறுக்கியெடுத்த பன்னிரண்டோடு புதிதாக ஒன்றையும் சேர்த்து, 'ஏரிக்கரை எக்ஸ்பிரஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று கறுப்பு இசைத்தட்டு போட்டிருந்தார்கள். நாளை சாயங்காலம் பாண்டியில் வெளியீடு. அந்தப் பதின்மூன்றாவது பாட்டுதான் நவீன்குமாரின் கழுத்துக் கயிறு.

பேண்டின் தலைவரும் முதல் கித்தாருமான சுபாஷ் போலீசில் சொன்னது இதுதான். இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மணவாளன் சுபாஷின் ஸ்டுடியோவுக்கு வந்தார், ஐந்திலிருந்து ஏழு வரை அந்தப் பாட்டைத் தனியாக ஊதினார், கிளம்பிப் போனார். ஏழேகாலிலிருந்து நடுராத்திரி வரை சுபாஷ் பாகூரில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தார். முந்நூறு சாட்சி. இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்ததற்குக்கூட சாட்சி. மறுநாள் காலை மணவாளன் ஏரி மதகடியில் மண்டை உடைந்து கிடந்தார், பக்கத்திலேயே இந்தப் பெட்டி. மகன் நவீன்குமார் திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு முதல் பத்து ஷிஃப்டு முடித்து அந்த ஏரிக்கரை வழியாகத்தான் வீடு திரும்பியிருக்கிறான். முந்தின நாள் அப்பனும் மகனும் தெருவே பார்க்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

"ஏழு மணிக்கு அவர் உயிரோட இருந்தார்னா நவீன் மாட்டினான்," என்றாள் ரஞ்சனி. "ஏழு மணிக்கு முன்னாடியே செத்துட்டார்னா, நவீன் கம்பெனிக்குள்ள கார்டு தட்டிட்டு உள்ள இருக்கான்."

"பாட்டு இருக்கே மேடம். செத்தவர் ஊதினா கின்னஸ்ல போடுவாங்க," என்றான் வீரமணி.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் இறப்புப் பதிவு எழுதிவிட்டு வந்தவள் ரஞ்சனி. உயிரோடு இருப்பவர்களை அவ்வளவாக நம்பமாட்டாள். ட்ரம்பெட்டின் ஊதுகிற முனையில் செருகியிருந்த மவுத்பீஸை விரலால் தொட்டாள். அதன் கழுத்தில் கறுப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"இது எதுக்கும்மா?"

"தெரியாது மேடம். அவரு பொருளை நாங்க தொட மாட்டோம்."

"யாருக்குத் தெரியும்?"

"புகழ்வேந்தன் மாமாவுக்கு. ட்ராம்போன் ஊதறவரு."

---

வீரமணியின் ஸ்கூட்டர் வில்லியனூரிலிருந்து பாகூர் போவதற்குள் நாலு முறை உயிர்விட்டு நாலு முறை உயிர்த்தெழுந்தது. புகழ்வேந்தன் வீட்டு வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, மார்பு மட்டும் தனியாக இன்னொரு ஆளுக்குச் செய்தது போல் அகலம். பெட்டியைத் திறந்து காட்டியதும் அவர் எழுந்து இரண்டடி பின்னால் போனார்.

"இதை யாரு மாட்டினது?"

"இப்படியேதான் போலீஸ் எடுத்தாங்க. இப்படியேதான் திருப்பிக் கொடுத்தாங்க," என்றாள் ரஞ்சனி.

"இது சாவுப் பீசும்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க ஆளுங்க கிட்ட ரெண்டு இருக்கும். கறுப்பு நூல் சுத்தினது சாவுக்கு. மஞ்ச நூல் சுத்தினது கல்யாணம், கோயில், மேடைப் பாட்டு, எல்லாத்துக்கும். சாவுக்கு வாயில வச்சதை நல்லதுக்கு வைக்க மாட்டோம். சாவுக்குப் போறப்ப மஞ்சப் பீசைக் கையில கூட எடுத்துட்டுப் போக மாட்டோம். வூட்டுல சாமிமாடத்துல இருக்கும். திரும்பி வந்து, குளிச்சு, அப்புறந்தான் தொடுவோம்."

"அவசரத்துக்குக் கறுப்புலயே ஒரு பாட்டு ஊதியிருந்தா?" என்றான் வீரமணி.

"உன் செத்துப்போன அப்பாரு வேட்டியைக் கட்டிக்கிட்டு பொண்ணு பாக்கப் போவியா நீ?"

"எங்கப்பா உயிரோட இருக்காருங்க."

"அப்போ வாயை மூடு."

வீரமணி மூடினான். ரஞ்சனி கேட்டாள், "போலீஸ் உங்களை விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்களே. 'குடிப்பாரா?'ன்னு கேட்டாங்க. 'எப்பவாவது'ன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. பெட்டியை யாரு எங்களுக்குக் காட்டினாங்க?" அவர் மூடியைத் தானே சாத்தினார். "அன்னைக்கு நான் அவங்கூட இல்ல. சுபாஷ் போன அதே பாகூர் கல்யாணத்துக்கு ஊதப் போயிட்டேன். மணவாளன் எங்கியோ சாவுக்குப் போறேன்னான்."

ரஞ்சனி ஜெயசுதாவுக்குப் போன் போட்டு, சாமிமாடத்தில் தேடச் சொன்னாள். அடுத்து கொம்யூன் ஆபீசில் பழைய தோழி ஒருத்திக்கு. இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. அந்தச் சனிக்கிழமை சுற்றுவட்டாரத்தில் பதிவான சாவு ஒன்றே ஒன்று. ஏம்பலம், காசம்மாளின் வீட்டுக்காரர்.

"பாத்தீங்களா மேடம், எமன்கூட அன்னைக்கு நமக்காக ஒரு டூட்டிதான் பார்த்திருக்கான்," என்று வீரமணி ஸ்கூட்டரை உதைத்தான். யாரும் சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் மட்டும் இருமியது.

---

காசம்மாள் கரும்புத் தோகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. ட்ரம்பெட்காரர் என்றதும் கையை நிறுத்தினாள்.

"அவரா? அப்படி ஊதினாரு சாமி. எம் புருஷனை உயிரோட இருந்த வரைக்கும் ஊர்ல எவனும் மதிச்சதில்ல. அன்னைக்கு அந்த ஊதலுக்கு எதிர்வூட்டுக்காரனே அழுதான்."

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"மூணு. சுடுகாட்டுலருந்து செட்டு ஆளுங்க அப்படியே டெம்போவுல போயிட்டாங்க. அவரு மட்டும் பெட்டியை எடுக்க இங்க வந்தாரு, நாலு மணி இருக்கும். கொழா மேல பெட்டித்துணியைச் சுத்திக்கிட்டே போனைப் பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு சாமி. என்னான்னு கேட்டேன். போனைக் காட்டினாரு."

"போன்ல என்ன?"

"ஏதோ போட்டோ. ஒரு ஆளு கித்தாரு வச்சுக்கிட்டு நிக்கிறான். அவன் பின்னால மூணு கொழா வாயி மட்டும் தெரியுது. ஊதற ஆளுங்களுக்குத் தலையே இல்ல."

ரஞ்சனி தன் பையிலிருந்து, ஜெயசுதா தந்திருந்த நாளைய வெளியீட்டு விழா அழைப்பிதழை எடுத்து நீட்டினாள். இசைத்தட்டின் அட்டைதான் அதில் அச்சாகியிருந்தது. நடுவில் சுபாஷ், பல்வரிசை மொத்தமும் வெளிச்சத்தில். பின்னால் பளபளவென்று மூன்று பித்தளை வாய்கள். அவற்றைப் பிடித்திருந்தவர்கள் கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தார்கள். அடியில் 'பாடல்கள் அனைத்தும்: சுபாஷ்'.

"இதேதான்," என்றாள் காசம்மாள். "குளிச்சிட்டுப் போங்க, தண்ணி காய வச்சிருக்கேன்னேன். வேணாம்னுட்டாரு. பாட்டு ஊதப் போறீங்களான்னு கேட்டேன். 'இன்னைக்கு ஊதப் போவலக்கா, கேக்கப் போறேன்'னாரு. வில்லியனூரு பக்கம் போற கரும்பு லாரியை நிறுத்தி ஏறிட்டாரு. தலையில தண்ணி ஒரு சொட்டு படல."

அப்போது ரஞ்சனியின் போன் அடித்தது. ஜெயசுதா.

"இருக்கு மேடம். குங்குமச்சிமிழுக்குப் பின்னால. மஞ்ச நூல் சுத்தினது. மேல தூசி படிஞ்சிருக்கு, அன்னைக்கு யாரும் எடுத்த மாதிரி இல்ல."

"தொடாதே. அப்படியே இருக்கட்டும்."

வீரமணி மெதுவாகச் சொன்னான், "அப்போ ஸ்டுடியோவுல ஊதவே இல்ல."

"இது நமக்குத் தெரியும்," என்றாள் ரஞ்சனி. "கோர்ட்டுல நூலைக் காட்டினா வக்கீல் சிரிப்பாரு. சுபாஷ் வாயிலருந்து வரணும். புகழ்வேந்தனைக் கூப்பிடு. வந்து நிக்கட்டும், ஒரு வார்த்தை பேசக்கூடாது."

---

சுபாஷின் ஸ்டுடியோ வில்லியனூருக்கு வெளியே, கரும்புக்கொல்லை நடுவே, குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்த கல்லறை மாதிரி இருந்தது. வாசலில் செருப்புகளுக்கென்றே ஒரு தனி அலமாரி. உள்ளே போனதும் வீரமணிக்குப் பல் தந்தியடித்தது. சுவர் முழுக்க மேடைப் படங்கள், ஒவ்வொன்றும் கதவு அகலம். படங்களில் பித்தளைக்காரர்களுக்குத் தலை இருந்தது. அவை பழைய படங்கள்.

சுபாஷுக்கு அறுபது வயது. தலைமுடிக்கு மட்டும் முப்பது.

"கேளுங்க," என்று அவரே ஒரு பொத்தானைத் தட்டினார். "அவரோட கடைசிப் பாட்டு."

அறையில் ட்ரம்பெட் எழுந்தது. வீரமணி அத்தனை நேரம் நாக்கு நுனியில் வைத்திருந்த கிண்டல்கள் மொத்தமும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. அது அழுகையில்லை. யாரோ நீண்ட தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவது போல இருந்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை. புகழ்வேந்தன் கதவோரம் நின்றபடி தரையைப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. கம்ப்யூட்டர் திரையில் தேதியும் நேரமும் கண்ணைப் பறித்தன. அதே சனிக்கிழமை, மாலை 6.48. இதற்கு முன்னால் ஒரு முழ நூல் என்ன செய்யும்?

"அற்புதம்," என்றாள் ரஞ்சனி. "உங்களைத் தொந்தரவு பண்ண வரல சார். நாளைக்குக் காரியம். அவர் பொருளையெல்லாம் படையல்ல வைக்கணும்னு மருமக ஆசைப்படுது. அன்னைக்கு அவரை நல்லபடியா கடைசியாப் பார்த்தது நீங்கதான். எப்படி வந்தாரு?"

"சுத்தபத்தமா வந்தாரு. குளிச்சு, விபூதி பூசி. ரெக்கார்டிங்னா அவருக்குக் கோயில் மாதிரி."

"மவுத்பீஸைத்தான் காணோம். போலீஸ்ல எங்கியோ தவறிடுச்சு போல. எப்படி இருக்கும்னு தெரிஞ்சா கடையில அதேமாதிரி வாங்கிடலாம்."

சுபாஷ் முகத்தில் தாராளம் பொங்கியது. "எனக்குத் தெரியாததா? வெள்ளி கலர். கழுத்துல கறுப்பு நூல் சுத்தியிருக்கும்."

"அன்னைக்கு அதுலதான் ஊதினாரா?"

"அதுலதான். என் கண்ணு முன்னாடி ஊதினாரு. எப்பவும் அதுலதானே ஊதுவாரு."

கதவோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. புகழ்வேந்தன் மூச்சு விட்ட சத்தம்தான். அந்த மார்பிலிருந்து வந்ததால் புயல் மாதிரி கேட்டது.

ரஞ்சனி எழுந்து சுவரிடம் போனாள். "தொண்ணூத்தி நாலு, இந்தப் படம். இதுல என்ன நூல் சார்?"

சுபாஷ் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து ரெண்டு. இதுல? இது போன வருஷம், உங்க தோளுக்குப் பின்னாலயே நிக்கிறாரு. இதுல?"

எல்லாப் படத்திலும் மணவாளன் உதட்டருகே, விரல் அகலத்துக்குப் பளிச்சென்று, மஞ்சள். முப்பது வருஷமாகச் சுபாஷ் தினமும் அந்தப் படங்களுக்குக் கீழேதான் காபி குடித்திருக்கிறார். தன் முகத்தைத் தாண்டி அவர் கண் எந்தப் படத்திலும் போனதில்லை.

"கறுப்பு நூல் சாவுக்கு மட்டும்," என்றாள் ரஞ்சனி. "பேண்டு செட்டுல பிறந்த குழந்தைக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியல. அந்தப் பீஸை நீங்க ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கீங்க. அவரு பெட்டியைத் திறந்து பார்த்து மூடின அன்னைக்கு."

"என்னம்மா கதை! நூலாம், கலராம்." சுபாஷ் சிரித்தார், ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. "அவன் எதுல ஊதினா எனக்கென்ன? அவன் ஜாதி வழக்கத்தையெல்லாம் நான் மனப்பாடம் பண்ணணுமா? இது என் இடம். சாவு வூட்டுத் தீட்டோட, தலை முழுகாம, செருப்போட ஏறி வந்து என் மிக்சர் மேல அந்தக் கையை வைக்கிறான்..."

நிறுத்தினார். குளிர்பதனப் பெட்டி மட்டும் உர்ரென்றது.

"குளிச்சு விபூதி பூசிட்டு வந்தாருன்னீங்களே சார்," என்றான் வீரமணி. அவன் வாழ்க்கையில் கிண்டல் கலக்காமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சுபாஷ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார். "அட்டையில என் மூஞ்சி எங்கன்னு கேட்டான். எட்டுப் பாட்டு என்னுதாச்சே, என் பேரு எங்கன்னு கேட்டான். என்னை! நிக்க வச்சு! தள்ளினேன். டிரம் மேடை விளிம்புல விழுந்தான். வேணும்னு பண்ணல."

"விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தா நம்பியிருப்பேன்," என்றாள் ரஞ்சனி. "நீங்க கார்ல போட்டு ஏரிக்குக் கொண்டு போனீங்க. இருட்டின நேரத்துல மதகுல இறக்கினீங்க. ஊதிட்டுப் போன ஆளுன்னு காட்ட ட்ரம்பெட் பெட்டியைப் பக்கத்துல வச்சீங்க. அங்கிருந்து நேரா பந்திக்குப் போய் ரெண்டு தடவை பாயசம். அவர் என்னைக்கோ ஒத்திகைக்கு ஊதினது உங்ககிட்ட இருந்தது. தேதியை மட்டும் மாத்தினீங்க."

"தை மாசம் ஊதினான்," என்றார் புகழ்வேந்தன். அந்த அறையில் முதல் முறையாக அவர் பேசினார். "இதே ரூம்ல. நானுந்தான் இருந்தேன். பாட்டை இன்னைக்குத்தான் கேக்க விட்டீங்க." அவர் சுபாஷின் முன்னால் வந்து நின்றார். வீரமணி தடுக்கத் தயாரானான், தேவைப்படவில்லை. "நான் அன்னைக்கு அந்தக் கல்யாணத்துல பந்தி வாசல்ல நின்னு ஊதினேன். நீங்க சாப்பிடறப்ப ஊதினேன். அவனை ஏரியில போட்டுட்டு வந்து, என் ஊதலைக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டிருக்கீங்க."

சுபாஷ் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

---

ஜீப்பு வருவதற்கு அரை மணி ஆனது. டிரம் மேடைக்கடியில் கம்பளத்தைப் புரட்டி, அங்கே உறைந்திருந்த கறையைப் பார்த்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மிக நல்ல மனிதராகத்தான் பேசினார். நவீன்குமார் விஷயம் திங்கட்கிழமை கோர்ட் திறந்ததும் முதல் வேலை என்றார். நாளை ஞாயிறு, அவரால் ஒன்றும் செய்ய இயலாது என்றார்.

ரஞ்சனி வெளியே வந்து, கரும்புக்கொல்லை ஓரம் நின்று ஜெயசுதாவுக்குச் சொன்னாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்போ காரியம், மேடம்?"

"திங்கட்கிழமைக்கு முன்னால வழியே இல்லம்மா."

"பங்காளிங்க ஒத்துக்க மாட்டாங்க. போலீஸ் சொன்னா நம்பறோம், ஆனா நாளைத் தள்ள முடியாதும்பாங்க. அவங்களுக்கு இதான் சாக்கு. பந்தல்கோல் இறக்கிட்டாங்க." அழுகை இப்போது வெளிப்படையாக வந்தது. "எல்லாம் தெரிஞ்சும் ஒண்ணும் ஆவலையே."

புகழ்வேந்தன் கையை நீட்டினார். ரஞ்சனி போனைக் கொடுத்தாள்.

"பாப்பா, மாமா பேசறேன். ஆத்தங்கரைக்கு, முன்னால செட்டு ஊதிக்கிட்டுப் போவாம நம்ம பக்கம் எந்தக் காரியமாவது நடந்திருக்கா?"

"இல்ல மாமா."

"நாளைக்குப் பாகூர்ல ஒருத்தனும் ஊத வர மாட்டான். ஏம்பலத்துல வர மாட்டான். வில்லியனூர்லயும் வர மாட்டான். இதைப் பங்காளிங்ககிட்ட போய்ச் சொல்லு. நவீன் வரட்டும், மொட்டை அடிச்சுக்கிட்டு உக்காரட்டும், அன்னைக்கு அத்தனை பேரும் வர்றோம். கூலி வேணாம்."

"கடலூர்லருந்து செட்டைக் கூப்பிட்டா?"

"கூப்பிடட்டும். அங்க இருக்கறவன்லாம் யாரு? மணவாளங்கிட்ட ஊதக் கத்துக்கிட்டவன். இப்பவே போன் போடறேன்."

"பதினாறாம் நாள் தாண்டிடுமே மாமா. அவரு ஆத்மா..."

"முப்பது வருஷம் பின்வரிசையில நின்ன மனுஷன் பாப்பா அவன். இன்னும் மூணு நாள் நிப்பான்."

போனை அணைக்க மறந்து அவள் எங்கோ வேகமாக நடப்பது கேட்டது. கொலுசு, நாய், கோல்களைத் தரையில் போடும் சத்தம். பிறகு, இத்தனை நாளாக யாரும் கேட்டிராத ஒரு குரலில் ஜெயசுதா கத்தினாள்:

"பந்தல்காரரே, கட்டாதீங்க! எடுத்துட்டுப் போயி புதன்கிழமை வாங்க! எம் புருஷன் வர்றாரு!"